மட்டாஞ்சேரி முதல் முசிறி வரை: கும்பிடும் இடத்துக்கு அரசுப் பணம்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கொச்சித் தமிழ்க் குடும்பங்கள் சுற்றிக்காட்டும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். வீடு காக்கநாட்டில் இருந்தாலும் சரி, பள்ளுருத்தியில் இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரிக்குக் கிளம்பிவிடுவோம். அரண்மனையில் இராமாயணச் சுவரோவியம், அதன் பின்புறச் சந்தில் யூதப் பள்ளி, நேரம் இருந்தால் கோட்டைக் கொச்சியில் சீன வலை. யூதப் பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விருந்தாளியிடமிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும். "இதையெல்லாம் யாரு செலவு பண்ணிப் பாத்துக்கறாங்க? நம்ம வரிப்பணமா?"

கேள்வி சாதாரணமாகத்தான் தொடங்கும். திரும்பி வரும் வண்டியில் அது வேறு பக்கம் போகும். "நம்ம கோயில் உண்டியல் காசை அரசாங்கம் எடுத்துக்குது, மத்தவங்களுக்கு மட்டும் கொடுக்குது" என்பார் ஒருவர். "சாமி கும்பிடறது அவனவன் சொந்த விஷயம், அதுக்கு எதுக்கு அரசாங்கக் காசு?" என்பார் இன்னொருவர். இரண்டு கட்சிக்கும் நம் சங்கத்துக் கூட்டங்களில் ஆள் உண்டு. இரண்டு கட்சியும் கணக்கைப் பார்க்காமல்தான் பேசுகின்றன என்பது என் எண்ணம். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

மட்டாஞ்சேரியில் ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் மூன்று கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த அரண்மனை, 1663க்குப் பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் வாங்கியது. 1951 முதல் அது மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். பராமரிப்பது இந்தியத் தொல்லியல் துறை. அதாவது சென்னையில் வரி கட்டுபவரும் திரிபுராவில் வரி கட்டுபவரும் சேர்ந்துதான் அந்த ஓவியங்களைக் காப்பாற்றுகிறார்கள். அந்த வளாகத்துக்குள்ளேயே பழயன்னூர் பகவதி கோயில் இருக்கிறது, அங்கே பூசை நடக்கிறது. ஓவியம் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும், பகவதியைக் கும்பிடச் சீட்டு வேண்டாம். ஒரே மதிலுக்குள் இரண்டு ஏற்பாடு.

அடுத்தது 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி. இது அரசின் சொத்தல்ல. யூத சமூகத்தின் அறக்கட்டளை நடத்துகிறது, சிறு கட்டணம் வாங்குகிறது, சனிக்கிழமை ஓய்வுநாளில் பார்வையாளரை விடுவதில்லை. 1760இல் எழும்பிய அதன் மணிக்கூண்டு பழுதடைந்தபோது 1998-99இல் செப்பனிட உதவியது உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற வெளிநாட்டுத் தனியார் அமைப்பு. அரசு செய்தது பெரும்பாலும் மரியாதைதான். 1968இல் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார், அஞ்சல் தலையும் வெளியானது.

மூன்றாவது கடவும்பாகம் யூதப் பள்ளி. வயதில் பரதேசிப் பள்ளிக்கு மூத்தது. கும்பிட்டவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின் கிட்டங்கியாகக் கிடந்தது. உள்ளே இருந்த மரவேலைப்பாடுகளை ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டு போய்ச் சீராக்கி 1990களில் காட்சிக்கு வைத்தது. வெறும் சுவராக நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கடவும்பாகத்தின் உட்கூரையைப் பார்க்க வேண்டுமானால் இன்று ஜெருசலேமுக்குத்தான் போக வேண்டும். அரசுப் பணம் சேர்ந்த இடம், சேராமலே நின்ற இடம், வேளைக்கு எந்தப் பணமும் வராமல் விழுந்த இடம். மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

செப்பேட்டில் ஒரு வரிச்சலுகை

பரதேசிப் பள்ளியின் பெருஞ்சொத்து தரையில் பதித்த சீன ஓடுகள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்மவருக்கு அதைவிடப் பெரிய சொத்து அந்தச் சமூகம் காத்து வந்த செப்பேடு. கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி இஸ்ஸுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த பட்டயம் அது. எழுத்து வட்டெழுத்து. மொழியைப் பழைய மலையாளம் என்பார்கள் இங்குள்ள அறிஞர்கள். நம்மவர் உரக்கப் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும், அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பட்டயம் 72 உரிமைகளைத் தருகிறது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை போன்ற கௌரவங்கள் ஒருபக்கம். நம் விஷயத்துக்கு வேண்டியது மறுபக்கம். உல்கு என்ற சுங்கமும், எடைக்கூலியும் அவர்களிடம் வாங்கப்படாது என்கிறது பட்டயம். அரசன் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கவில்லை, வர வேண்டிய காசை விட்டுக்கொடுத்தான். கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று தெரியும், மற்றது தெரியாது. ஆயிரம் ஆண்டு கழித்து அமெரிக்காவில் இதே சூட்சுமம் நீதிமன்றம் வரை போனதைப் பின்னால் பார்ப்போம்.

இது ஒற்றை நிகழ்ச்சியும் அல்ல. 849இல் கொல்லத்தில் எழுந்த தரிசாப்பள்ளி என்ற கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் நிலமும் வரிச்சலுகையும் கொடுத்த செப்பேடும் கிடைத்திருக்கிறது. நம் சோழ நாட்டில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதிவைத்தான் முதலாம் இராஜராஜன். தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டிய அதே சிவபாதசேகரன்தான். பக்தி ஒன்று, துறைமுக வியாபாரம் ஒன்று என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டு வணிகன் வந்து தங்க வேண்டுமானால் அவன் கும்பிட ஓரிடம் வேண்டும். இன்று 'சுற்றுலா வருமானம்' என்று நாம் சொல்வதை அன்று 'உல்கு' என்றார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மன்னர் காலம் போய்க் குடியரசு வந்ததும் கேள்வி மாறியது. மன்னன் கொடுத்தால் அவன் இஷ்டம். மக்களிடம் வரி வாங்கிக் கொடுத்தால்?

அரசியலமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதற்குத்தான். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவோ பராமரிக்கவோ என்று தனியாக ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 'தனியாக ஒதுக்கப்படும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 'கோயில் வரி' என்றோ 'மசூதி வரி' என்றோ ஒரு வரி போட முடியாது. பொது வரியிலிருந்து ஒரு மதத்தினருக்குப் பயன்படும் செலவு எதையுமே செய்யக் கூடாது என்று பிரிவு சொல்லவில்லை.

இந்த இடைவெளியில்தான் வழக்குகள் வந்தன. 1954இல் சிரூர் மடம் வழக்கில், மடங்களிடம் சென்னை அரசு வாங்கிய பங்களிப்பு கட்டணமல்ல, வரிதான், அதைப் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனால் 27ஆம் பிரிவைப் பொறுத்தமட்டில், அந்தப் பணத்தின் நோக்கம் சொத்தை ஒழுங்காக நிர்வகிப்பதே தவிர மதத்தை வளர்ப்பதல்ல என்றும் சொன்னது. ஒரிசாவில் பூரி ஜகந்நாதருக்குச் சொந்தமான குளங்களை அரசு பணம் கொடுத்துச் சீரமைத்தபோது, ஊரார் எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே அது பொதுநலச் செலவு என்று 1975இல் உயர்நீதிமன்றம் ஏற்றது. கேரளத்திலேயே, தலசேரிக் கலவரத்தில் சேதமான வழிபாட்டிடங்களைச் சீராக்க அரசு பணம் தருவதை 1970களில் உயர்நீதிமன்றம் அனுமதித்தது. இடிந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மதப் பிரசாரம் அல்ல என்பது அதன் அடிப்படை. 2017இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தையும் காட்டியது. 2002இல் சேதமான வழிபாட்டிடங்களுக்கு முழு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற உயர்நீதிமன்ற உத்தரவை நீக்கி, அரசு அறிவித்த வரம்புக்குட்பட்ட உதவித் திட்டமே போதும் என்றது.

ஹஜ் மானியம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 2011இல் உச்ச நீதிமன்றம், மொத்த வரியில் பெரும்பங்கு ஒரு மதத்துக்குப் போனால்தான் 27ஆம் பிரிவு மீறப்படும், சிறு பங்கு போவதால் அல்ல என்று சொல்லி எதிர்ப்பு மனுவைத் தள்ளியது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், பத்தாண்டுக்குள் மானியத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. 2018இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போடுபவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2010களில் ஜெருசலேம் பயணத்துக்கும், கயிலாய மானசரோவர், முக்திநாத் பயணங்களுக்கும் மானியம் அறிவித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காக்கநாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு

இப்போது 'கோயில் காசை அரசாங்கம் எடுக்குது' என்ற கட்சிக்கு வருவோம். காக்கநாட்டில் இருக்கும் நம்மவருக்குத் திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில் கூப்பிடு தூரம். நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை. ஓணத்துக்கு மூலத்தலம். எர்ணாகுளம் நகருக்கு இத்தனை அருகில் இருந்தும் அதை நிர்வகிப்பது கொச்சி தேவஸ்வம் வாரியம் அல்ல, திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம். ஆறேழு மைல் தள்ளி எர்ணாகுளத்தப்பன் கோயிலுக்குப் போனால் கொச்சி வாரியம். பழைய சமஸ்தானங்களின் எல்லை இன்றும் பிரசாதக் கவுண்டரில் தெரிகிறது.

அரசியலமைப்புச் சட்டத்தில் 290-அ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1956இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது சேர்த்தது. அதன்படி கேரள அரசு ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன் தொகுப்பு நிதியிலிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை, 1956 நவம்பர் 1இல் நம்மோடு சேர்ந்த கன்னியாகுமரிப் பக்கத்துக் கோயில்களுக்குக் கொடுக்க வேண்டும். சுசீந்திரம், திருவட்டாறு, குமரி பகவதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும் கோயில்கள். மதச்சார்பற்ற நாட்டின் அரசியலமைப்பே கோயிலுக்குத் தொகை எழுதிவைத்திருக்கிறது!

காரணம் இல்லாமல் இல்லை. 1811-12 வாக்கில் திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் மன்றோ, நூற்றுக்கணக்கான கோயில்களை அவற்றின் நிலத்தோடு அரசுடைமையாக்கினார். நில வருவாய் அரசுக்கு, கோயில் செலவு அரசின் பொறுப்பு என்று ஆயிற்று. ஆகவே இன்று கொடுக்கும் தொகை தருமமல்ல, பழைய கடனுக்கு ஆண்டுத் தவணை மாதிரி. அதே சமயம் தொகையின் அளவையும் பாருங்கள். 2023-24 சபரிமலை சீசனின் வருமானம் மட்டுமே 350 கோடி ரூபாயைத் தாண்டியதாக வாரியம் அறிவித்தது. அதன் பக்கத்தில் 46 லட்சம் என்பது கற்பூரச் செலவுக்குத்தான் காணும்.

கேரளத்தில் தேவஸ்வம் வாரியங்களின் வருமானம் அரசுக் கருவூலத்தில் சேர்வதில்லை, வாரியத்தின் கணக்கிலேயே நிற்கிறது. மாறாக வெள்ளத்தாலும் போராட்டத்தாலும் சபரிமலை வருமானம் சரிந்தபோது, 2019-20 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு திருவிதாங்கூர் வாரியத்துக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் உண்டியல் பணம் அந்தந்தக் கோயில் கணக்கில்தான் வைக்கப்படுகிறது. ஆனால் நிர்வாகக் கட்டணம், தணிக்கைக் கட்டணம் என்று ஒரு பங்கை அறநிலையத் துறை வாங்குகிறது. அது அதிகமா, நியாயமா என்று கேட்க வேண்டியதுதான். 'எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்குறான்' என்பது வேறு பேச்சு.

முசிறியில் நடந்தது

கொச்சிக்கு வடக்கே பரவூரிலிருந்து கொடுங்கல்லூர் வரை கேரள அரசு நடத்தும் முசிறி மரபுத் திட்டம்தான், மதம் சார்ந்த சுற்றுலாத் தலத்துக்கு அரசுப் பணம் என்ற விஷயத்துக்கு நம் கண்முன் இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு. சங்க இலக்கியத்தில் யவனக் கப்பல் பொன்னொடு வந்து மிளகொடு போன அதே முசிறி. 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அகழாய்வு நடத்தியது. அதையொட்டி உருவான சுற்றுலா வழியை 2016 பிப்ரவரி 27இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார்.

அந்த வழியில் என்னென்ன இருக்கின்றன? சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் யூதப் பள்ளிகள். சேந்தமங்கலத்துப் பள்ளி 2006 வாக்கிலேயே பழுதுநீக்கிக் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. பரவூர்ப் பள்ளியை முசிறித் திட்டத்தில் சீரமைத்து யூதர் வாழ்வியல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். இந்த இரண்டிலும் அரசுக்குத் தலைவலி குறைவு. கும்பிட ஆள் இல்லை, எல்லோரும் 1950களிலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். கட்டடம் மட்டும் மிச்சம். அதற்குச் செலவழித்தால் அது வரலாற்றுக்குச் செய்த செலவு, யாரும் வாய் திறக்க முடியாது.

கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் அப்படியல்ல. கி.பி. 629இல் எழுந்தது, இந்தியாவின் முதல் பள்ளிவாசல் என்பது மரபுக்கதை. ஆண்டு பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் உள்ளே குத்துவிளக்கு எரிவதும், எல்லா மதத்தாரும் அதற்கு எண்ணெய் கொண்டுவருவதும் கண்கூடு. 2016இல் பிரதமர் மோடி சவூதி மன்னருக்குப் பரிசளித்தது இந்தப் பள்ளிவாசலின் தங்கமுலாம் பூசிய சிறு மாதிரியைத்தான். ஐந்து வேளை தொழுகை நடக்கும் இந்த இடத்தில், பிற்காலத்தில் ஒட்டிச் சேர்த்த கான்கிரீட் பகுதிகளை நீக்கி ஓடுவேய்ந்த பழைய கேரளக் கட்டட வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை முசிறித் திட்டம் எடுத்துக்கொண்டது. இது சரியா?

சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம், பணம் எதை வாங்கியது என்று பார்க்க வேண்டும். ஓடும் மரமும் தச்சனின் கூலியும் வாங்கியது. இமாமின் சம்பளத்தை வாங்கவில்லை, பிரசங்கத்தை வாங்கவில்லை. வேற்று மதத்தவர் உள்ளே வந்து பார்க்கத் தடையும் இல்லை. பக்கத்துத் திருவஞ்சைக்களம் மகாதேவர் கோயில், மலைநாட்டில் இருக்கும் ஒரே பாடல் பெற்ற தலம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் புறப்பட்ட இடம் என்று நம் பெரியவர்கள் தேடிவரும் ஊர். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பூசை வழக்கத்தில் துறை தலையிடுவதில்லை, கல்லைக் காக்கிறது. பள்ளிவாசலின் ஓட்டைக் குறை சொல்பவர் திருவஞ்சைக்களத்துக் கல்லையும் சேர்த்துத்தான் குறை சொல்ல வேண்டும்.

மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய பிரசாத் திட்டமும் இதே வழிதான். முதல் பட்டியலிலேயே தமிழ்நாட்டிலிருந்து காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இருந்தன. பின்னர் கேரளத்தின் குருவாயூர் சேர்ந்தது. வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, விளக்கு, தங்குமிட வசதி என்று போகும் பணம். கழிப்பறைக்கு மதம் கிடையாது. ஆனால் எந்த ஊருக்குக் கழிப்பறை என்று தேர்ந்தெடுப்பதில் அரசியல் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கென்டக்கியின் பேழை

பணம் ஓட்டையும் கல்லையும் தாண்டி எங்கே போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூருக்கு அருகே 2016 ஜூலை 7இல் நோவாவின் பேழை திறக்கப்பட்டது. பைபிளில் சொன்ன முழங்கணக்கை அடியாக மாற்றி 510 அடி நீளத்தில் மரக்கப்பல். நடத்துவது 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' என்ற கிறித்தவ அமைப்பு. பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டுதான், டைனோசரும் மனிதனும் ஒன்றாக இருந்தார்கள் என்று போதிப்பது. இதை அவர்கள் மறைப்பதில்லை, கப்பல் கட்டியதே அதைச் சொல்லத்தான்.

கென்டக்கியில் ஒரு சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் இருக்கிறது. புதிய சுற்றுலாத் தலம் கட்டினால், அங்கே விற்கும் சீட்டிலும் சாப்பாட்டிலும் அரசுக்கு வரும் விற்பனை வரியிலிருந்து பத்தாண்டு காலத்தில் கட்டுமானச் செலவின் 25 விழுக்காடு வரை திருப்பித் தருவார்கள். பேழைக்கு இது 1 கோடியே 82 லட்சம் டாலர் வரை வரக்கூடியதாக இருந்தது. 2014 டிசம்பரில் மாநில அரசு கையை விரித்தது. வேலைக்கு வருபவர் தங்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்று அமைப்பு கேட்டது. மதம் பார்த்து ஆள் எடுக்கும் இடத்துக்கு வரிச்சலுகை இல்லை என்றது அரசு. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரியில் நீதிபதி வான் டேட்டன்ஹோவ், சட்டம் எல்லாச் சுற்றுலாத் தலத்துக்கும் பொது, நோக்கம் வியாபாரம், மத அமைப்பு என்பதற்காக மட்டும் விலக்க முடியாது என்று அமைப்புக்குச் சாதகமாகத் தீர்த்தார். புதிதாக வந்த ஆளுநர் மேல்முறையீடு செய்யவில்லை.

இதோடு முடியவில்லை. வில்லியம்ஸ்டவுன் நகரம் 2013இல் 6 கோடியே 20 லட்சம் டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டிருந்தது. அதன் சூத்திரம் இப்படி: பேழை வருவதால் அந்த நிலப்பரப்பின் சொத்துவரி உயரும். உயர்ந்த பகுதியில் முக்கால் பங்கு ஊருக்கு வராது, பத்திரக் கடனை அடைக்கப் போகும். அந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர் சம்பளத்திலும் 2 விழுக்காடு இதற்கே பிடிப்பார்கள். நகரம் தன் கையிலிருந்து ஒரு டாலரும் கொடுக்கவில்லை என்பது உண்மை. வர வேண்டியது வராது என்பதும் உண்மை. உல்கும் எடைக்கூலியும் நினைவுக்கு வருகிறதா?

2017இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு சீட்டுக்கும் 50 சென்ட் பாதுகாப்புக் கட்டணம் என்று நகரம் கேட்டது. தீயணைப்பு வண்டி வாங்க வேண்டுமே. பேழையின் வணிக நிறுவனம் 4 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள நிலத்தைத் தன் தாய் அமைப்பான தரும ஸ்தாபனத்துக்குப் பத்து டாலருக்கு விற்றது. தருமம் என்றால் கட்டணம் இல்லையே! வரிச்சலுகை வணிக நிறுவனத்துக்குத்தான், தருமத்துக்கு இல்லை என்று மாநிலம் சலுகையை நிறுத்தியதும் நிலம் மறுபடி வணிக நிறுவனத்தின் பெயருக்கு வந்தது, கட்டணமும் ஒப்புக்கொள்ளப்பட்டது. லாபம் கேட்கும்போது கடை, வரி கேட்கும்போது கோயில் என்ற இந்த வித்தை நம் நாட்டு டிரஸ்டுகளுக்கும் தெரியாததல்ல.

கென்டக்கி தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கொடுங்கல்லூருக்கும் வில்லியம்ஸ்டவுனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கொடுங்கல்லூரில் ஏற்கெனவே இருந்த பழைய கட்டடத்தை அரசு காப்பாற்றியது. வில்லியம்ஸ்டவுனில் புதிதாக ஒரு போதனைக்கூடம் எழ அரசின் வருவாய் தாங்குகட்டை ஆனது. அதிலும் பெரிய வித்தியாசம் வேலை. கட்டணம் கட்டி உள்ளே போக யாருக்கும் தடையில்லை, ஆனால் அந்தச் சலுகைக்குப் பங்கு கொடுத்த உள்ளூர் யூதனோ இந்துவோ நாத்திகனோ அங்கே சீட்டுக் கிழிக்கும் வேலைக்கும் போக முடியாது. 27ஆம் பிரிவு பற்றிய நம் வழக்குகளில் இந்த வேலைவாய்ப்புக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. தேவஸ்வம் வேலைக்கு இந்துக்கள் மட்டும் என்பது இங்கே பழகிப்போன ஏற்பாடு. கோயில் பூசைக்கு அது பொருந்தும். அதே வளாகத்தில் சுற்றுலாத் துறைப் பணத்தில் எழும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் பொருந்துமா என்று யாராவது ஒரு நாள் கேட்கத்தான் போகிறார்கள்.

இது நமக்கு எட்டாத விவகாரம் இல்லை. மட்டாஞ்சேரியில் கொங்கணியர், குஜராத்தியர், கச்சியர் என்று ஆளுக்கொரு வழிபாட்டிடம் வைத்திருக்கும் சமூகங்களுக்கு நடுவே தமிழருக்கும் சிறு கோயில்கள் உண்டு, தலைமுறைகளாக. பழமை என்று பெயர் வந்தால் ஒருநாள் மரபுப் பாதுகாப்பு நிதியைப் பற்றி அந்த வாசலிலும் பேச்சு வரும். அப்போது கூரை ஒழுகுகிறதே என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'ஏன் டிக்கெட் கவுண்டர் வைக்கிறார்கள், ஏன் எல்லோரையும் உள்ளே விடச் சொல்கிறார்கள்' என்று வருந்திப் பயனில்லை. பொதுப்பணம் வாங்கினால் பொதுமக்கள் வருவார்கள். எந்த மண்டபம் வரை வரலாம், படம் எடுக்கலாமா, பழுது பார்க்கும்போது சுதைக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் பணம் வருமுன் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு வழி. பரதேசிப் பள்ளியின் அறக்கட்டளை தன் கதவையும் சனிக்கிழமையையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. கடவும்பாகத்தின் கதியும் அதே தெருவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

விருந்தாளி கேட்கும் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்தத் தலைப்பில் எவ்வளவு போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி யாரும் கேட்கலாம். எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் காக்கநாட்டிலேயே இருக்கிறது, நம்மில் பலர் வேலைக்குப் போகும் வழியில். பத்து ரூபாய் கட்டணம். மனு போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வேறு துறையின் கையில் இருக்கும் விவரமானால் அவர்களே மனுவை அங்கே அனுப்ப வேண்டும். மனு மலையாளத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள்தானே, அவர்களையே எழுதச் சொல்லலாம்.